இடப்பக்கம் ஹைட்ராஞ்சியா, வலப்பக்கம் டேலியா

ஏப்ரல் 6, ஞாயிறு

உறைபனி போய்விட்டது என்பதை இன்றுதான் நம்பினேன். காலையில் புல்லைத் தொட்டால் விரல் விறைக்கவில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணில் இறங்கிவிட்டேன். ஹைட்ராஞ்சியா முழுக்கத் துளிர்த்திருக்கிறது. ஒவ்வொரு கணுவிலும் ஜோடி ஜோடியாகப் பச்சை. இதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் பிள்ளை பெற்றபோதுகூட வரவில்லை. அப்போது வலிதான் வந்தது.

எங்கள் தோட்டம் சின்னது. கேட்டிலிருந்து வீட்டுப்படி வரை ஒரு சிமெண்ட் பாதை. உள்ளே வரும்போது இடப்பக்கம் என்னுடையது, ஹைட்ராஞ்சியா. வலப்பக்கம் லூர்து மதினியுடையது, டேலியா. மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் அவரே போட்ட எல்லை இது. "ரெண்டு பேரும் ஒரே பாத்தியில கை வச்சா களக்கொத்து என் மண்டையிலதான் விழும்" என்பார். அவர் இறந்து இரண்டு வருஷமாகிறது. எல்லை அப்படியே இருக்கிறது. அவருடைய அக்காவும் அப்படியே இருக்கிறார்.

மதினி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இங்கே கொடைக்கானலிலேயே ஒரு பெண்கள் பள்ளி விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். நடப்பது, தூங்குவது, தட்டு கழுவுவது எல்லாவற்றிலும் இன்னும் விடுதி மணி அடிக்கும். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரார் பேச்சு முழுக்க என் காதுவழியாகப் போயிருக்கிறது, ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்த காலத்துப் பழக்கம், போனை எடுத்தால் மட்டும் குரல் தானாக ஏறிவிடும். "அம்மா, கோயமுத்தூருக்குப் போனே வேண்டாம், நீ சும்மா பேசுனாலே கேக்கும்" என்பான் என் மகன் பிரிட்டோ.

இன்று மத்தியானமும் கூப்பிட்டான். வழக்கம்போல என்னை அங்கே வந்துவிடச் சொன்னான். அத்தையை என்ன செய்வது என்று அவனே கேட்டு அவனே யோசித்தான். "அவுகளுக்கு வேற போக்கிடம் இல்லடா, அதான் இங்கன கெடக்காக. நா என்ன செய்ய?" என்றேன். நல்ல வெயில் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். வெளியே மதினி டேலியாவுக்குக் கம்பு ஊன்றிச் சணல் கட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பார்த்தால் பாதிச் செடிக்குத்தான் கட்டியிருக்கிறார். மீதிக் கம்பெல்லாம் சும்மா நிற்கிறது. மதினி ஒரு வேலையைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

தவக்காலம் என்பதால் ரசமும் அவரைக்காய்ப் பொரியலும்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மதினி சொன்னார்.

"திண்டுக்கல்ல சிஸ்டர்மாரு நடத்துற முதியோர் இல்லத்துல ஒரு ரூம் காலியாம். வாரேன்னு சொல்லிட்டேன். சீசன் முடியவும் கெளம்புறேன் அமலி."

"என்ன மதினி திடீர்னு?"

"முட்டிவலிக்கு இந்தக் குளிர் ஆகல."

அந்த முட்டியோடுதான் நேற்று முழுக்கக் குத்தவைத்து உரம் வைத்தார். நான் அதைக் கேட்கவில்லை. "ஒங்க இஷ்டம்" என்றேன்.

சந்தோஷம்தான். விடியுமுன் ரேடியோ அலறாது. ரசத்தை நாக்கில் வைத்து உப்பைக் குறை சொல்ல ஆளிருக்காது. பின்பக்க அறையில் மண் தொட்டிகளை வைத்துக்கொள்ளலாம். எதையோ மனதில் வைத்துக்கொண்டு போகிறார் என்பது மட்டும் தெரிகிறது. எதை என்றுதான் தெரியவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் அவர் முகத்துக்கு நேராக ஒரு கோணல் வார்த்தை நான் பேசியதில்லை.

ரசம் மிஞ்சிவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை பிறந்தது. ஏரியில் படகுகளுக்குப் புது பெயிண்ட் அடித்து இறக்கிவிட்டார்கள். காலையில் கரையோரம் நடந்தபோது மஞ்சளும் சிவப்புமாக வரிசையாகக் கட்டிக் கிடந்தன, பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் பிள்ளைகள் மாதிரி. இனி ஜூன் வரை ஏரிச்சாலையில் குதிரையும் சோளக்கருதும் காரும்தான்.

கொடைக்கானல்காரர்கள் படகு ஏறமாட்டோம். இது யாரும் எழுதி வைக்காத சட்டம். விருந்தாளி வந்தால் டிக்கெட் வரிசையில் நிற்போம், அவர்கள் செருப்புக்கும் பைக்கும் கரையில் காவல் இருப்போம். தப்பித் தவறி ஏறிவிட்டால் "என்ன, நீங்களும் டூரிஸ்ட் ஆயிட்டீகளா?" என்று மார்க்கெட் வரை கேட்பார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து தினமும் அந்தத் தண்ணீரைப் பார்க்கிறேன். கால் நனைத்ததுகூட இல்லை.

அதற்கு விலக்கு மே மாசத்துப் படகு அலங்காரம். ஆளுக்கொரு படகைப் பூவால் ஜோடித்து மேடைக்கு முன்னால் ஓட்டிக் காட்டுவார்கள். எங்கள் கோயில் மாதர் சபைப் படகு எப்போதும் மதினி பொறுப்பு. விடுதிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய் கூட்டிப் போய் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டவர். இந்த வருஷம் முழுக்க டேலியா என்று சொல்லியிருக்கிறார். கடைசி வருஷம் என்று சொல்லவில்லை. சபையில் எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பிரிட்டோ வரவில்லை. மட்டன் இரண்டு பேருக்கு அதிகம். ஒருத்திக்கு எவ்வளவு வாங்குவது என்று ஜூனில் பழகிக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மதினி பிளாஸ்கை மறந்துவிட்டுப் படகு ஓட்டிப் பழகப் போய்விட்டார். எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பது இத்தனை வருஷம் கரையில் நின்றும் எனக்கு உறைக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் வழி பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் சபையின் பேக்கரி செல்வராணி எதிரே உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்ல, மதினி வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பிளாஸ்கைப் படகுத் துறையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். செல்வராணி அப்படி என்னதான் சொன்னாள்?

மே 3, சனி

மொட்டு விட்டாயிற்று. எங்கள் மண்ணுக்கு ஹைட்ராஞ்சியா நீலமாகத்தான் வரும். இந்த வருஷம் ஒவ்வொரு கொத்தும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வரும் போலிருக்கிறது. வீட்டுத் தோட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். 26ஆம் தேதி நடுவர்கள் வருகிறார்கள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு அடுத்த வீட்டுக் கர்னல் சம்சாரத்துக்கு. அந்த அம்மா தோட்டக்காரன் வைத்துச் செடி வளர்க்கிறவள். எனக்கு இந்த ஒரு பரிசு வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வேண்டும்.

கவாத்து செய்த குச்சியில் நல்லதாக ஒன்றை எடுத்து மதினியிடம் நீட்டினேன். "ஒங்க பக்கம் ஒண்ணு வைங்களேன். ரெண்டு வருசத்துல பூத்துரும்."

"பூக்கும்போது யாரு பாக்கப் போறா? ஒன் பக்கமே வையி."

சாதாரணமாகத்தான் சொன்னார். குச்சி இன்னும் வாளித் தண்ணீரில் கிடக்கிறது.

மே 12, திங்கள்

மழை. இலைக்கு அடியில் எல்லாம் நத்தை. கொல்ல மனசு வரவில்லை. பொறுக்கி வேலிக்கு அந்தப்பக்கம் எறிந்தேன். கர்னல் வீட்டு வேலி.

மே 20, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலையில் ஒரு கையில் பால் தூக்கும் ஒரு கையில் குடையும் காய்கறிப் பையுமாக வந்து, அடுப்பில் டீயை வைத்தேன். வெளியே தார்ப்பாயை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். கதவைத் திறந்தால் காட்டுமாடு. வீட்டுக் கூரைக்கு முட்டுக்கொடுக்கிற உயரம். மதினி பாத்திக்கு நடுவில் நின்று டேலியாவை வேரோடு பிடுங்கி மென்றுகொண்டிருக்கிறது. விரிந்த பூ, விரியாத மொட்டு என்ற பேதமில்லை. மூக்கை நீட்டி என் ஹைட்ராஞ்சியாவையும் முகர்ந்தது. பிடிக்காமல் தும்மிவிட்டுத் திரும்பிக்கொண்டது.

காட்டுமாட்டைப் பார்த்துக் கத்தக்கூடாது. மதினியும் நானும் நிலைப்படியில் மூச்சுவிடாமல் நின்றோம். தின்று முடித்து, வந்த வழியே, திறந்த கேட்டு வழியாக, கலெக்டர் மாதிரி நடந்து போனது.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கும் முன்னால் கேட்டில் சங்கிலி மாட்டச் சொல்லிக்கொடுப்போம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"சங்கிலி போடலயா மதினி?"

மதினி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "போடல போல" என்றார். பிறகு மிதிபட்ட கம்புகளைப் பொறுக்கப் போனார்.

போகிற எண்ணத்தில் இருக்கிறவருக்குக் கேட்டு எங்கே நினைவிருக்கும்? பாவம், படகுக்கு இனிப் பூவில்லை. சபையில் சொல்லிவிட்டு வந்தார்.

மே 21, புதன்

பால் வாங்கி வந்தேன். இன்றைக்கும் கை இரண்டும் நிறைய. கேட்டைக் காலால் தள்ளி உள்ளே வந்தேன். பாதி தூரம் வந்து திரும்பிப் பார்த்தால் சங்கிலி தொங்கிக்கொண்டிருக்கிறது. தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய் மாட்டினேன். மாட்டிவிட்டு அங்கேயே நின்றேன்.

நேற்றும் எனக்குக் கை காலியாக இல்லை.

மதினிக்கு அது நேற்றே தெரியும். போடவில்லை என்றாரே தவிர யார் போடவில்லை என்று சொல்லவில்லை. இப்படி வாய்க்குள் போட்டுக்கொண்டு இன்னும் என்னென்ன வைத்திருக்கிறார் என்று யோசித்தபடி அவர் பாத்தியைப் பார்த்தேன். மாடு விட்டுவைத்த கம்புகள் நிற்கின்றன. கேட்டுப் பக்கமிருந்து வரிசையாகச் சணல் கட்டியிருக்கிறது. ஓர் இடத்தோடு நின்றுவிடுகிறது. அந்த இடம் என் ஜன்னலுக்கு நேர் எதிரே.

பின்னால் புரட்டி ஏப்ரல் 6 அன்று எழுதியதைப் படித்தேன். அன்று பிரிட்டோவிடம் பேசும்போது இந்த ஜன்னல் திறந்திருந்தது.

இன்று வேறெதுவும் எழுத ஓடவில்லை.

மே 22, வியாழன்

"மதினி, படகுக்கு என் பூவ வெட்டிக்கங்க."

அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "திங்கக்கெழம ஜட்ஜுமாரு வாராக."

"வரட்டும்."

"வெறும் குச்சியவா காட்டுவ?"

"மாடு மிதிச்ச பள்ளத்தக் காட்டுறேன். அது மாதிரி கர்னல் வீட்ல கூட இல்ல."

"ஹைட்ராஞ்சியா வெட்டுன கொஞ்ச நேரத்துல தலையத் தொங்கப் போட்ரும். வெயில்ல நிக்காது."

"தலகீழாத் தண்ணியில முக்கி வச்சா நிக்கும். நா வளத்த பூ, எனக்குத் தெரியாதா?"

அரிசியை இன்னொரு தடவை களைந்தார். அதற்கு அவசியமே இல்லை, தண்ணீர் தெளிந்துவிட்டிருந்தது. "சரி" என்றார்.

மே 23, வெள்ளி

வெட்டினோம். முதல் கொத்துக்குக் கை வரவில்லை. கண்ணீர் வந்தது. பூவுக்காகத்தான் என்று மதினியிடம் சொன்னேன். "நா ஒண்ணும் கேக்கலயே" என்றார்.

வீட்டிலுள்ள டப், அண்டா, வாளி, பிரிட்டோ குழந்தையாகக் குளித்த தொட்டி, எல்லாவற்றிலும் பூ தலைகீழாக மூழ்கிக் கிடக்கிறது. குளிக்க இடமில்லாமல் இரண்டு பேரும் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டோம். எனக்கென்று ஒரேயொரு கொத்தை மட்டும் மதினி வெட்டவிடவில்லை. ஜன்னலோரச் செடியில் இருக்கிறது.

சாயங்காலம் செல்வராணி ஓடி வந்தாள். பேக்கரியில் சீசன் கூட்டம், வேலையாள் வேறு வரவில்லை, நாளைக்குக் கடையை விட்டு நகர முடியாதாம்.

"அப்ப எதுத்தாப்புல யாரு ஒக்காருவா?" என்றேன்.

மதினி என்னைப் பார்த்தார். செல்வராணியும் பார்த்தாள்.

மே 24, சனி

படகு ஏறினேன். ஊர்ச்சட்டம் உடைந்தது.

படகு முழுக்க நீலம். விளிம்பில், முனையில், என் மடியில்கூட. கரையில் மாதர் சபை மொத்தமும் நின்று கை தட்டியது. நான் சேசுவே, மாதாவே என்று பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. மதினிக்கும் தெரியாது என்பதைத் துறையை விட்டு வந்த பிறகுதான் சொல்கிறார்.

"வழி சொல்லு."

"இடது பக்கம் மதினி. இடது, இடது!"

படகு வலப்பக்கம் திரும்பி ஒரு மிதிபடகின் மேல் போய் இடித்தது. அதிலிருந்த தேனிலவு ஜோடி எங்களைத் திட்டியது. மதினி என்னைத் திட்டினார்.

"யாரு இடது? ஒன் இடதா, என் இடதா?"

எதிரெதிரே உட்கார்ந்தால் என் இடது அவருக்கு வலது. இந்தச் சின்ன விஷயம் பதற்றத்தில் இரண்டு பேருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன், மறுபடி இடித்தோம், இந்தத் தடவை நாணலில். மேடையில் மைக்கில் எங்கள் படகின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். என்ன தோன்றியதோ, கத்தினேன்.

"டேலியா பக்கம் மதினி! டேலியா பக்கம்!"

மதினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. படகு அழகாகத் திரும்பியது. நான் கேட்டிலிருந்து உள்ளே வருகிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அவர் வீட்டுப்படியில் நின்று கேட்டைப் பார்க்கிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் டேலியா இருக்குமிடத்தில்தான் டேலியா இருக்கும். அதற்குப் பிறகு ஏரி முழுக்க அப்படியே போனோம். "கொஞ்சம் ஹைட்ராஞ்சியா... போதும்... நேரா... டேலியா, டேலியா!" மேடையைக் கடக்கும்போது மதினிக்கு அந்தப் பல்லில்லாத சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை.

மேடையைத் தாண்டி நடு ஏரிக்கு வந்ததும் துடுப்பை நிறுத்தினார். வெயிலில் பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் முக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டார்.

"கேட்டுச் சங்கிலி நீதான் போடலன்னு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"மறுநாள்."

"ம்."

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல? ஏன் மதினி சொல்லல?"

"சொல்லி என்ன செய்ய? ஒனக்கு வேற போக்கிடம் இல்ல, அதான் விட்டுட்டேன்."

அதே வார்த்தைகள். கோபமே இல்லாமல், என் முகத்துக்கு நேரே சொன்னார். வீடாக இருந்தால் அடுப்படிக்கு ஓடியிருப்பேன். படகில் எழுந்து எங்கே போக? அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு இருந்த அதே இரட்டை நாடி. இரண்டு வருஷமாக ஒரே மேசையில் சாப்பிட்டும் நான் நேராகப் பார்க்காத முகம். ஏதாவது சொல்ல வேண்டும். மன்னிச்சிருங்க என்ற வார்த்தை வாய்வரை வந்து நின்றது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு படகு வந்துவிட்டது.

"ஹைட்ராஞ்சியா பக்கம்" என்றேன்.

மதினி துடுப்பை எடுத்துக்கொண்டார்.

ஆறுதல் பரிசு கிடைத்தது. பிளாஸ்டிக் டப்பா செட்.

மே 26, திங்கள்

நடுவர்கள் வந்தார்கள். இடப்பக்கம் பூவில்லாத குச்சிகள், வலப்பக்கம் குளம்புப் பள்ளங்கள். ஜன்னலோரம் மட்டும் ஒரு நீலக் கொத்து. கண்ணாடி போட்டவர், "பூவெல்லாம் எங்கம்மா?" என்றார்.

"ஏரியில" என்றேன்.

அவர் எதையோ குறித்துக்கொண்டார். முதல் பரிசு கர்னல் சம்சாரத்துக்குத்தான். நத்தைகள் ஒன்றும் உதவவில்லை. வலிக்கத்தான் செய்தது, இல்லையென்று எழுதினால் பொய்.

மத்தியானம் பிரிட்டோ கூப்பிட்டான். மதினி வெளியே மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், மூடியிருந்த கதவை இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்தேன். டிரங்க் காலில் டெல்லிக்குப் பேசுகிற குரலை எடுத்தேன்.

"நா எங்கயும் வரலடா. அத்தையா? அவுகளுக்கென்ன, அவுகளுக்குத் திண்டுக்கல்ல ரூமே காத்துக்கிட்டு இருக்கு. எனக்குத்தான் அவுகள விட்டா வேற போக்கிடம் இல்ல. அன்னைக்கு நா சொன்னது தப்புடா. தப்பு. கேக்குதா?"

"ஏம்மா இப்பிடிக் கத்துற? கேக்குது."

"ஒன்னையக் கேக்கல."

வெளியே களைக்கொத்துச் சத்தம் நின்றிருந்தது. பிரிட்டோ என்னம்மா, என்னம்மா என்றான். நான் பேசாமல் காத்திருந்தேன். இணைப்புக் கொடுத்துவிட்டு அந்தப்பக்கம் எடுக்கிறார்களா என்று காத்திருப்போமே, அப்படி.

"கேட்ருச்சு" என்றார் மதினி, திரும்பாமல். "ஊருக்கே கேட்ருச்சு. போன வையி. கர்னல் வீட்ல நாய் கொரைக்குது."

அவ்வளவுதான் சொன்னார். நான் உள்ளே போய் டீ போட்டேன், சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன். எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மதினி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மாடு மிதித்ததில் தப்பிய டேலியாத் தண்டுகளில் புதுத் துளிர் வந்திருக்கிறது. அதற்கெல்லாம் கம்போடு சேர்த்துச் சணல் கட்டிக்கொண்டிருந்தார். என் ஜன்னலுக்கு நேரே இருந்த கம்பிலிருந்து தொடங்கியிருந்தார்.